எட்னா சிவப்பு ஒயின்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சிசிலித் தீவின் கிழக்குக் கரையில், கத்தானியா நகரத்தின் தலைக்குமேல் நிற்கிறது எட்னா எரிமலை. உயரம் 3,300 மீட்டருக்கு மேல். குமுறும்போது கூடும், உச்சி இடிந்தால் குறையும். அதன் சரிவில் ஏறக்குறைய 400 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் உயரம்வரை திராட்சை விளைகிறது. அந்தத் திராட்சையில் செய்வதுதான் ‘எட்னா ரோஸ்ஸோ’ எனப்படும் சிவப்பு ஒயின். 1968 ஆகஸ்டில் இதற்கு டி.ஓ.சி. தகுதி கிடைத்தது. எந்த ஊர்களில், எந்தத் திராட்சையில், எப்படிச் செய்தால் இந்தப் பெயரைப் போடலாம் என்று சட்டமே எல்லை கட்டியது. சிசிலியில் முதன்முதலில் அந்தத் தகுதியைப் பெற்றது இந்த ஒயின்தான்.

தகுதி கிடைத்தும் அடுத்த முப்பது வருஷம் வெளியூர்க்காரர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்குப் பெயர் பரவிவிட்டது, விலையும் ஏறிவிட்டது. ஆனால் இதை எப்படிக் குடிப்பது என்பது மட்டும் அந்த அளவுக்குப் பரவவில்லை. லேபிளைப் பார்த்துக் கடையில் குழம்பி நிற்பவர்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து வெதுவெதுப்பாக ஊற்றுபவர்கள், பொருந்தாத சாப்பாட்டோடு வைத்துவிட்டு “இதற்கா இவ்வளவு பணம்?” என்று முகம் சுளிப்பவர்கள், இவர்களுக்காகவே இந்தப் பட்டியல். என் கட்சி ஒன்றுதான்: இது சாப்பாட்டு மேசையில் வைத்துக் குடிக்க வேண்டிய ஒயின். அலமாரியில் பூட்டி வைத்து அழகு பார்க்கவும் வேண்டாம், வெறும் வயிற்றில் உறிஞ்சிக்கொண்டு உட்காரவும் வேண்டாம்.

வாங்கும்போது

செய்ய வேண்டியவை

நெரெல்லோ மஸ்கலேசே என்ற பெயரை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எட்னா ரோஸ்ஸோவில் குறைந்தது 80 விழுக்காடு இந்தத் திராட்சைதான் இருக்க வேண்டும். நெரெல்லோ கப்புச்சோ என்ற இன்னொன்று 20 விழுக்காடுவரை சேரலாம். மஸ்கலேசேக்கு நிறம் குறைவு, புளிப்பு கூர்மை, துவர்ப்பு இறுக்கம். கப்புச்சோ சேர்ந்தால் கொஞ்சம் நிறமும் மென்மையும் வரும். இப்போது அதைச் சேர்க்காமல் மஸ்கலேசேயை மட்டும் வைத்துச் செய்பவர்களும் நிறையப் பேர். மரபணுவைச் சோதித்தவர்கள், மஸ்கலேசேயின் பெற்றோரில் ஒன்று டஸ்கனியின் சாஞ்சியோவேசே என்கிறார்கள். மற்றது தெற்கு இத்தாலியின் மந்தோனிகோ பியாங்கோ என்ற வெள்ளைத் திராட்சை. சாஞ்சியோவேசேயில் செய்யும் கியாந்தி ஒயினைக் குடித்துப் பழகியவர்கள் முதல் வாயிலேயே அந்த உறவைக் கண்டுகொள்வார்கள்.

ஆண்டைப் பாருங்கள். மஸ்கலேசே மெதுவாகப் பழுக்கும் இனம். சிசிலியின் கரையோரத் தோட்டங்களில் ஆகஸ்டிலேயே அறுவடை தொடங்கிவிடும். எட்னாவின் வடக்குச் சரிவில் இந்தப் பழத்தைப் பறிக்க அக்டோபர் பாதி ஆகிவிடும், சில வருஷங்களில் மாதக் கடைசிவரை இழுக்கும். மலை உயரத்தின் இரவுக் குளிர்தான் பழத்தின் புளிப்பைக் காப்பாற்றுகிறது. அதே சமயம், அறுவடை தள்ளிப்போகப் போக இலையுதிர்கால மழையில் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் கூடுகிறது. அதனால் இங்கே வருஷத்துக்கு வருஷம் ஒயின் நிஜமாகவே மாறும். 2014ஆம் ஆண்டு இத்தாலியின் பெரும்பகுதியை மழை கெடுத்தது. எட்னாவுக்கோ அது அருமையான ஆண்டு. இத்தாலி முழுவதற்கும் சேர்த்துப் போட்ட ஆண்டுப் பட்டியலை நம்பி எட்னாவை எடைபோட்டால், நல்ல பாட்டிலைத் தள்ளிவிட்டு வந்துவிடுவீர்கள்.

எந்தச் சரிவு என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் லேபிளின் பின்பக்கத்தில் ஊர்ப் பெயர் இருக்கும். டி.ஓ.சி. எல்லை மலையை முழு வட்டமாகச் சுற்றவில்லை. வடக்கில் ரந்தாட்சோவில் தொடங்கி, கிழக்கே இறங்கி, தென்மேற்கில் பியாங்காவில்லாவரை 20 ஊர்களோடு முடிந்துவிடுகிறது. மேற்குப் பக்கம் விட்டுப்போயிற்று. பிஸ்தாவுக்குப் பேர்போன பிரோந்தே எட்னாவின் மடியிலேயே இருந்தும் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

சிவப்புக்கு வடக்குச் சரிவுதான். ரந்தாட்சோ, பாஸோபிஷாரோ, ஸொலிக்கியாத்தா, லிங்குவாக்ளோஸ்ஸா என்று ஒரே சாலையில் வரிசையாக வரும் ஊர்கள். இங்கே ஒயின் நிமிர்ந்து நிற்கும்: புளிப்புச் செர்ரி, ஆரஞ்சுத் தோல், காய்ந்த மூலிகை, அடியில் கொஞ்சம் புகை. கிழக்கில் மிலோ பக்கம் கடல் மேகம் வந்து முட்டி மழை கொட்டும். அது கரிகாந்தே என்ற வெள்ளைத் திராட்சையின் இடம். தென்கிழக்கில் வியாக்ராந்தே, திரெகஸ்தாஞ்ஞி பக்கத்துச் சிவப்பு சற்று இளகியது. தென்மேற்கில் வெயில் அதிகம், பழச்சுவையும் அதிகம். முதல் தடவை வாங்குகிறவருக்கு நான் வடக்கைத்தான் சொல்வேன்.

கொந்த்ராதாவைக் கவனியுங்கள். ஊருக்குள் இருக்கும் தோட்டப் பகுதி ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு, அதுதான் கொந்த்ராதா. சட்டப்படி லேபிளில் போடக்கூடிய கொந்த்ராதாக்கள் 130க்கு மேல். குவார்தியோலா, கல்தெராரா சொத்தானா, சாந்தோ ஸ்பீரித்தோ, ஃபேவ்தோ தி மெத்ஸோ, ரம்பாந்தே, அர்க்கூரியா ஆகியவை அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள். இதில் வெறும் விளம்பரம் இல்லையா என்று கேட்கலாம். கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் அடிப்படை உண்மையானது. எட்னாவின் மண் ஒரே மண் அல்ல. ஒவ்வொரு முறை குழம்பு வழிந்தபோதும் ஒரு நாக்கு நீண்டு, ஆறி, நூற்றாண்டுகள் கழித்துப் பொடிந்து மண்ணாயிற்று. பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களின் மண்ணுக்கு இடையே ஆயிரக்கணக்கான ஆண்டு வயது வித்தியாசம் இருக்கும். ஒன்றில் கருமணல் முழங்கால் ஆழம் இருக்கும். மற்றதில் மண்வெட்டி போட்டால் பாறையில் தட்டும்.

இந்தப் பெயர்களை உலகம் கவனிக்க வைத்ததில் ஆந்திரேயா ஃபிராங்கெத்திக்குப் பெரிய பங்கு உண்டு. டஸ்கனியில் ஒயின் செய்துகொண்டிருந்தவர் 2000இல் இங்கே வந்து, பாஸோபிஷாரோவில் கைவிடப்பட்டுக் கிடந்த தோட்டங்களை எடுத்தார். ஒவ்வொரு கொந்த்ராதாவையும் தனித்தனி பாட்டிலில் அடைத்தார். 2008இல் எட்னாவின் தயாரிப்பாளர்களை ஒரே கூரையின்கீழ் கூட்டி ‘கொந்த்ராதே தெல்எட்னா’ என்ற ஒயின் சந்தையைத் தொடங்கினார். 2021இல் அவர் காலமானார், சந்தை நிற்கவில்லை. அவருக்கு முன்பே, 1988இல், மருந்துத் தொழிலில் இருந்த ஜுசெப்பே பெனாந்தி உள்ளூர் நிபுணர் சால்வோ ஃபோத்தியைக் கூட வைத்துக்கொண்டு இந்தத் திராட்சையால் என்ன முடியும் என்று காட்டத் தொடங்கியிருந்தார். ‘வெளியூர்க்காரர்கள் வந்துதான் எட்னாவைக் கண்டுபிடித்தார்கள்’ என்று எழுதுபவர்கள் இவ்விருவரையும் மறந்துவிடுகிறார்கள்.

செய்யக்கூடாதவை

நெரெல்லோவையும் நேரோ தாவோலாவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டும் சிசிலி, இரண்டும் சிவப்பு, அதோடு சரி. நேரோ தாவோலா தீவின் தெற்கு வெயிலில் வளர்வது; கருத்த நிறம், கொழுத்த பழச்சுவை. அதையும் ஃபிரப்பாத்தோ என்ற திராட்சையையும் கலந்து செய்யும் ‘செராசுவோலோ தி வித்தோரியா’, டி.ஓ.சி.க்கும் ஒரு படி மேலான டி.ஓ.சி.ஜி. தகுதியை 2005இல் சிசிலியில் முதலாவதாகப் பெற்றது. அது வேறு கதை, வேறு நாள் குடிக்க வேண்டியது.

‘எட்னா’ என்று பெரிய எழுத்தில் இல்லையே என்று ‘டெர்ரே சிசிலியானே’ பாட்டிலை ஒதுக்காதீர்கள். எல்லைக்கு வெளியே இருக்கும் தோட்டம், விதி அனுமதிக்காத உயரம், அல்லது செய்கிறவரின் பிடிவாதம், ஏதோ ஒன்றால் மலையின் சில பெயர்பெற்ற ஒயின்கள் இந்தப் பொதுப் பெயரில்தான் வருகின்றன. ஃபிராங்கெத்தியின் கொந்த்ராதா ஒயின்களும், பெல்ஜியத்திலிருந்து வந்து குடியேறிய ஃபிராங்க் கொர்னெலிஸ்ஸனின் ‘மாக்மா’வும் அப்படிப்பட்டவை. யார் செய்தார் என்று பாருங்கள்.

‘ரிசெர்வா’ என்றால் உசத்தி என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். நான்கு ஆண்டு முதிர்ந்தது, அதில் ஒரு வருஷமாவது மரத்தில் கிடந்தது என்பதுதான் அதன் பொருள். நல்ல கையில் அது நல்ல ஒயின். மோசமான கையில், மரவாசனை ஏறி வறண்டுபோன ஒயின்.

இதை ‘தெற்கின் பர்கண்டி’ என்று சொல்லிப் பரிசளிக்காதீர்கள். விற்பவர்களுக்கு அது வசதியான பேச்சு. நிறத்திலும் வாசத்திலும் பர்கண்டித் திராட்சையான பினோ நுவாரின் சாயல் இருப்பது உண்மைதான். ஆனால் பினோ நுவாரை எதிர்பார்த்து வாயில் வைப்பவருக்கு மஸ்கலேசேயின் துவர்ப்பு ஓர் அதிர்ச்சி. ‘தெற்கின் பரோலோ’ என்பவர்களுக்கும் இதே பதில்.

ஊற்றும்போது

செய்ய வேண்டியவை

குளிரவையுங்கள். ‘சிவப்பு ஒயினை அறைச்சூட்டில் குடிக்க வேண்டும்’ என்ற விதி, கல்வீட்டில் கணப்பு மூட்டி வாழ்ந்த ஐரோப்பியர்கள் போட்டது. அவர்கள் அறை 17, 18 டிகிரி. எட்னா ரோஸ்ஸோவுக்கு 16 டிகிரி சரியான இடம். கோடையில் 14 என்றாலும் குற்றமில்லை. 30 டிகிரி அறையில் இருந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வையுங்கள். சூடாகக் கொடுத்தால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும், 13.5, 14 விழுக்காடு இருக்கும் ஒயினில் அது பெரிய தொல்லை. செர்ரியும் ஆரஞ்சுத் தோலும் எங்கோ பின்னால் போய்விடும்.

வயிறு அகன்ற கண்ணாடிக் கோப்பையில் ஊற்றுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

நான்கைந்து வயதுக்குள் இருக்கும் பாட்டிலைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே திறந்து, அகலமான ஜாடியில் ஊற்றி வையுங்கள். திறந்தவுடன் இது மூடிக்கொண்டு நிற்கும். மறுநாள் மிச்சத்தைக் குடித்துப் பார்த்து, “நேற்றைவிட இன்று நன்றாக இருக்கிறதே” என்று சொல்லாதவர் குறைவு.

செய்யக்கூடாதவை

நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கோப்பையைச் சாய்த்து வெள்ளைத் துணிமேல் பிடித்தால், தண்ணீர் கலந்த மாதுளைச் சாறு மாதிரி விரல் தெரியும். ஓரத்தில் செங்கல் சிவப்பு. பார்த்தவுடன் ‘நீர்த்துப்போன சரக்கு’ என்று தோன்றும். இந்தத் திராட்சையின் தோலில் நிறமி அவ்வளவுதான். துவர்ப்பும் புளிப்பும் அதனால் குறைந்துவிடவில்லை. ஒரு வாய் குடித்து, நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள், பிடித்து இழுக்கும்.

‘எரிமலைச் சுவை தெரிகிறது’ என்று சொல்லாதீர்கள். கல்லில் இருக்கும் தாது வேர்வழியாக ஏறி நேரே கோப்பைக்கு வந்து சுவையாக நிற்பதில்லை. எரிமலை மண் வேறு வழியில் வேலை செய்கிறது. நீர் தேங்காமல் வடிகிறது, வேர் ஆழம் தேடி இறங்குகிறது. அதைவிடப் பெரிய உபகாரம் ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலோக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியது. அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித்தான் மற்ற இடங்களில் மீண்டார்கள். அந்தப் பூச்சியால் எரிமலை மணலில் ஊர்ந்து பரவ முடியவில்லை. அதனால் எட்னாவில் ஆங்காங்கே சொந்த வேரிலேயே நிற்கும், நூறு வயது தாண்டிய கொடிகள் இன்றும் காய்க்கின்றன. மார்க்கோ தெ கிராட்சியா தம் தெர்ரே நேரே தோட்டத்தின் அப்படிப்பட்ட கொடிகளிலிருந்து ‘ப்ரெஃபிலோக்சரா’ என்ற பெயரிலேயே தனி ஒயின் போடுகிறார்.

பத்து வயது தாண்டிய பாட்டிலை ஜாடியில் கொட்டிக் குலுக்காதீர்கள். முதல் நாளே நிமிர்த்தி வைத்து, அடியில் வண்டல் இறங்கியபின் மெதுவாக நேரே கோப்பையில் ஊற்றுங்கள்.

சாப்பாட்டோடு

செய்ய வேண்டியவை

மலைச் சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். தீவின் ஒயின் என்றதும் எல்லாருக்கும் மீன்தான் நினைவுக்கு வருகிறது. எட்னாவின் வடக்குச் சரிவிலிருந்து கடல் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அங்கே வாழ்க்கை மலை வாழ்க்கை. பன்றி, காளான், செஸ்ட்நட், ஆட்டுப்பால் கட்டி. ஒயினும் இவற்றோடு வளர்ந்தது.

லிங்குவாக்ளோஸ்ஸாவின் சாசேஜ் முதல் சிபாரிசு. அங்கே பழைய முறைப்படி செய்யும் இறைச்சிக் கடைகளில் அரைக்கும் எந்திரத்தைத் தொடுவதில்லை. கருவாலி மரத்தின் அடிக்கட்டைமேல் பன்றி இறைச்சியைப் போட்டுக் கனத்த கத்தியால் கொத்துகிறார்கள். கொத்திக் கொத்திக் கட்டையின் நடுவே குழி விழுந்திருக்கும். உப்பு, மிளகு, காட்டுச் சோம்பு, அவ்வளவுதான் மசாலா. எந்திரத்தில் அரைத்தது பசையாகிவிடும். கத்தியில் கொத்தியது துண்டு துண்டாக நிற்கும், கரியில் சுடும்போது கொழுப்பு உள்ளேயே தங்கும். அந்தக் கொழுப்புக்குத்தான் மஸ்கலேசேயின் துவர்ப்பு. ஒரு கடி, ஒரு வாய் ஒயின்; நாக்கு கழுவிவிட்டதுபோல் ஆகி அடுத்த கடியைக் கேட்கும். சோம்பு வாசமும் ஒயினின் மூலிகை வாசமும் ஒன்றையொன்று தூக்கும்.

எட்னாவுக்கு வடக்கே நெப்ரோதி மலைக்காடுகளில் திரிந்து மேயும் கறுப்புப் பன்றியின் இறைச்சியும் அப்படித்தான். தக்காளியோடு மணிக்கணக்கில் கொதித்த அந்தப் பன்றிக் குழம்பை மக்கரோனியில் போட்டுக் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு இதைவிட வேறு வேண்டாம்.

சைவர்கள் கவலைப்பட வேண்டாம். கத்தானியாவின் பெருமையே ஒரு கத்தரிக்காய் உணவுதான். ‘பாஸ்தா அல்லா நோர்மா’ என்று பெயர். கத்தானியாவில் பிறந்த இசையமைப்பாளர் பெல்லினியின் 1831ஆம் ஆண்டு ஓபெராவின் பெயர் அதற்கு. கத்தரிக்காயை நீளவாக்கில் நறுக்கி, உப்புத் தூவிக் கசப்பு நீரை வடித்து, ஆலிவ் எண்ணெயில் பொன்னிறமாகப் பொரிப்பார்கள். தக்காளிச் சாந்து, துளசி இனத்து பாசில் இலை, மேலே உப்பிட்டு உலர்த்திய ரிக்கோட்டாப் பாலாடைக்கட்டியைத் துருவிப் பனிபோல் போடுவார்கள். தக்காளியின் புளிப்புக்கு நேர் நிற்க ஒயினிலும் புளிப்பு வேண்டும். நேரோ தாவோலா இங்கே தட்டையாகிவிடும், எட்னா நிற்கும். கத்தரிக்காய் குடித்த எண்ணெயைத் துவர்ப்பு அறுக்கும். இந்த ஒரு தட்டுக்காகவே நான் எட்னா ரோஸ்ஸோவைச் சிபாரிசு செய்வேன்.

காளானை மறக்காதீர்கள். இலையுதிர்காலத்தில் எட்னாவின் காடுகளில் போர்ச்சினி கிடைக்கும். பூண்டோடு வதக்கிய போர்ச்சினிக்கு, எட்டுப் பத்து வயதான ஒயின். ஒயின் முதிரும்போது பழவாசம் அடங்கி, ஈரமண், காய்ந்த இலை வாசங்கள் எழும்பும். இது நான் விரும்பிச் சொல்லும் ஜோடி.

பாலாடைக்கட்டி என்றால் முதிர்ந்த ஆட்டுப்பால் பெக்கொரினோ. என்னா நகரப் பக்கத்தின் ‘பியாச்செந்தினு’ கிடைத்தால் விடாதீர்கள்: ஆட்டுப்பால் கட்டியில் குங்குமப்பூவும் முழு மிளகும் போட்டது, மஞ்சளாக இருக்கும்.

மீன் தின்றே ஆக வேண்டும் என்பவர்களுக்குச் சூரை மீன் இருக்கிறது. கனமாக வெட்டி, நடு இளஞ்சிவப்பாக இருக்கும்படி சுட்டு, வெங்காயமும் தக்காளியும் சேர்த்தால், மரம் படாத இளம் எட்னா ரோஸ்ஸோவை 14 டிகிரியில் வைத்துக் குடிக்கலாம். சுட்ட வாள்மீனுக்கு இளஞ்சிவப்பு ஒயினான எட்னா ரொசாத்தோ இன்னும் நன்றாக இருக்கும்.

செய்யக்கூடாதவை

நெத்திலி, மத்தி, சிப்பி இவற்றோடு வைக்காதீர்கள். கத்தானியா வளைகுடாவின் நெத்திலி அருமையானது, அதற்குக் கரிகாந்தே வெள்ளை இருக்கிறது. சிவப்பை வைத்தால் வாயில் இரும்பு வாடையும் மீன் வாடையும் சேர்ந்து தங்கும். ஒயினில் இரும்பின் அளவு கூடக்கூடக் கடலுணவோடு அந்த வாடை தூக்குகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்டார்கள். எல்லாச் சிவப்பும் ஒரே அளவுக்குக் கெடுப்பதில்லை. ஆனாலும் துணிந்து பார்க்க அவசியம் என்ன?

கபோனாத்தா என்ற சிசிலியக் கத்தரிக்காய்ப் பண்டத்தோடு வேண்டாம். கத்தரிக்காய்தானே என்று தோன்றும். அதில் வினிகரும் சர்க்கரையும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒயினைக் கசப்பாக்கிவிடும்.

இனிப்போடு வேண்டவே வேண்டாம். கன்னோலியோ பிரோந்தே பிஸ்தாக் கேக்கோ வந்தால் கோப்பையை ஓரமாக வையுங்கள். பிரோந்தேயில் பிஸ்தாவை ஒன்றுவிட்டு ஒரு வருஷம்தான் பறிக்கிறார்கள், ஒற்றைப்படை ஆண்டுகளில். அத்தனை காத்திருந்து வந்த பண்டத்தைத் துவர்ப்பால் கெடுப்பது பாவம். பிஸ்தாவை இனிப்பில்லாத பண்டத்தில், பாஸ்தாவிலோ இறைச்சிமேலோ தூவினால் மட்டும் இந்த ஒயின் ஒத்துப்போகும்.

மிளகாய்க் காரத்தோடு மோதவிடாதீர்கள். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும், துவர்ப்பு அதைச் சொரசொரப்பாக்கும். சிசிலியில் நம்மவர்கள் இருக்கிறார்கள்: பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் பல்லாண்டுகளாக வாழ்கிறார்கள், நகரின் காவல் தெய்வமான சாந்தா ரொசாலியாவின் மலைக்குகைக் கோயிலுக்கு சைவர்களும் கத்தோலிக்கரும் சேர்ந்தே போகிறார்கள். அங்கே சொந்தக்காரர் வீட்டில் யாழ்ப்பாணத்துத் தூள் போட்ட ஆட்டிறைச்சிக் கறி வைத்தால் எட்னா ரோஸ்ஸோவைத் திறக்க வேண்டாம். மிளகும் சோம்பும் தூக்கலாகப் போட்டு, மிளகாயைக் குறைத்து வறுத்த இறைச்சி என்றால் தாராளமாகத் திறக்கலாம்.

மலைக்கே போனால்

செய்ய வேண்டியவை

முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். பெரும்பாலானவை சிறு குடும்பத் தோட்டங்கள். காலையில் கொடி நறுக்குபவர்தான் பகலில் ஒயின் ஊற்றித் தருபவரும். அறுவடை நடக்கும் அக்டோபரில் போனால் பார்க்க நன்றாக இருக்கும், அவர்களுக்கு நின்று பேச நேரம் இருக்காது.

பழைய கொடியை அருகில் போய்ப் பாருங்கள். பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. குட்டை மரம்போல் ஒவ்வொன்றும் தனியே நிற்கும். துணைக்கு ஒரு செஸ்ட்நட் கம்பு. இந்த முறைக்கு அல்பெரெல்லோ என்று பெயர். அடிமரம் முறுக்கிப் பிளந்து, உள்ளே கோறையாகி, ஒரு பக்கப் பட்டையில் மட்டும் உயிர் ஓடிக்கொண்டிருக்கும். சுற்றிலும் கறுப்பு எரிமலைக்கல்லை அடுக்கிக் கட்டிய மேடைகள், சாந்து கிடையாது. பல தோட்டங்களில் டிராக்டர் நுழைய இடமில்லை; எல்லாம் கைவேலை. பாட்டில் விலையில் பாதி இங்கேதான் போகிறது என்று அப்போது புரியும்.

பல்மெந்தோ ஒன்றையாவது பாருங்கள். எரிமலைக்கல்லில் கட்டிய பழைய ஒயின் வீடு அது. மேல்தளத்தில் திராட்சையைக் காலால் மிதிப்பார்கள், சாறு தானே வழிந்து கீழ்த்தொட்டிக்கு இறங்கும், ஓரமாக ஒரு முழு மரத்தையே உத்தரமாகப் போட்ட பிழிவுப் பொறி. சுகாதார விதிகள் வந்தபின் அங்கே விற்பனைக்கு ஒயின் செய்வது ஏறக்குறைய நின்றுபோயிற்று. பல இடிந்துவிட்டன, சில சாப்பாட்டுக் கூடங்களாகியிருக்கின்றன.

மலையைச் சுற்றிப் போகும் சர்க்கும்எத்னேயா சிறு ரயிலில் ஒரு பகுதியாவது போய் வாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் போட்ட பாதை. ரிப்போஸ்தோ துறைமுகத்துக்கு எட்னாவின் ஒயின் இறங்கியதும் இதில்தான். 1981 மார்ச்சில் ரந்தாட்சோவுக்குப் பக்கத்தில் வழிந்த குழம்பு தோட்டங்களையும் இந்தத் தண்டவாளத்தையும் மூடிப் போயிற்று, ஊர் மயிரிழையில் தப்பியது. அந்தக் கறுப்பு நாக்கு இன்றும் அப்படியே கிடக்கிறது.

செய்யக்கூடாதவை

அந்த ரயிலை நம்பி ஞாயிற்றுக்கிழமை கிளம்பாதீர்கள். ஓடாது.

வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு ஒயின் ருசிக்கப் போகாதீர்கள். ருசித்துவிட்டுத் துப்பக் கூச்சப்படவும் வேண்டாம்; அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள்.

குடித்துவிட்டு வண்டியைத் தொடாதீர்கள். இத்தாலியில் ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், உரிமம் வாங்கி மூன்று வருஷம் ஆகாதவர்களுக்கு அதுவும் கிடையாது, சுழியம்தான். மலைச் சாலையின் வளைவுகளும், மேலிருந்து உதிர்ந்து கிடக்கும் எரிமலைச் சாம்பலும் சட்டத்தைவிடக் கறாரானவை.

பெட்டி நிறைய பாட்டில் வாங்கிக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். கைப்பையில் விடமாட்டார்கள், துணிக்குள் சுற்றிச் சரக்குப் பெட்டியில்தான் போட வேண்டும். இந்தியச் சுங்கத்தில் தீர்வையில்லாமல் ஒருவர் கொண்டுவரலாம் என்றிருப்பது 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டு அடங்கும், மூன்றாவது மிஞ்சும். அந்த இரண்டில் ஒன்று வடக்குச் சரிவின் சாதாரண எட்னா ரோஸ்ஸோவாக இருக்கட்டும்; கொந்த்ராதா பெயர் போட்ட விலையுயர்ந்தது இரண்டாவதாக இருக்கட்டும். சாதாரணத்தை முதலில் திறந்து, கத்தரிக்காய் பொரித்து, பக்கத்தில் வைத்துச் சாப்பிடுங்கள். அது பிடிக்கவில்லை என்றால் விலையுயர்ந்ததும் பிடிக்காது, யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.